பெரிய சம்பளம் எந்தப் படிப்பில்?

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தேன். பாயசம் ஆறுவதற்குள் கைபேசி அடிக்க ஆரம்பித்துவிட்டது. "பாப்பா எத்தன மார்க்குங்க?" என்று கேட்டவர்கள் எல்லோரும் அடுத்த மூச்சிலேயே, "எதுல சேர்த்தப் போறீங்க? எதுல இப்பச் சம்பளம் ஜாஸ்தி?" என்று கேட்டார்கள். மகளுக்கு எதில் விருப்பம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ஓர் ஆள் வீடு தேடி வந்தார். ஒரு தனியார் கல்லூரிக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவராம். வழவழ காகிதத்தில் அச்சடித்த ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். அதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டு நின்றாள். படத்துக்குக் கீழே "ஆண்டுக்கு 40 லட்சம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "இதே கோர்ஸுதானுங்க. மேனேஜ்மென்ட் சீட்டுல இப்பவே போட்டுட்டா உறுதி" என்றார். நாலு வருஷத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் எங்களுக்கு எட்டு லட்சத்துக்குக் குறையாமல் ஆகும்.

என் கொழுந்தனார், "அண்ணி, பாப்பா நகைய வெச்சாச்சும் சேர்த்துடலாமுங். நாலே வருஷம். அப்புறம் அவளே திருப்பிடுவா" என்றார். மாமியாரோ, "பொட்டப்புள்ளைக்கு இத்தன செலவா? அப்புறம் கண்ணாலத்துக்கு என்ன பண்ணுவ சாமி?" என்றார். மகளுக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த இருபது பவுன் பேங்க் லாக்கரில் இருக்கிறது. இவர் பம்ப் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறவர். அந்த இருபது பவுனை விட்டால் எங்களுக்கு வேறு கையிருப்பு கிடையாது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து மூன்று வாரம் தெரிந்தவர், தெரியாதவர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த மாணவி என்று ஒருவரையும் விடாமல் விசாரித்தேன். பத்தாவதோடு நின்றவள் நான். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். என்னைப் போல் முழிக்கிற சகோதரிகளுக்கு உதவினால் சரி.

மில் சங்கு சொன்ன பாடம்

"எதில் சம்பளம் ஜாஸ்தி?" என்ற கேள்வி நம் கோயமுத்தூருக்குப் புதிதல்ல. 1888-இல் ஸ்டேன்ஸ் துரை முதல் பஞ்சு மில்லை வைத்தார். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் மளமளவென்று பெருகின. அப்புறம் ஐம்பது வருஷம் நம் ஊரில் பெரிய உத்தியோகம் என்றால் மில் வேலைதான். நிரந்தர வேலை, பி.எஃப்., தீபாவளி போனஸ் எல்லாம் உண்டு. காடு தோட்டம் இருக்கிறவர்கள்கூட "மில்லு மாப்பிள்ளை" என்றால் யோசிக்காமல் பெண் கொடுத்தார்கள்.

எங்கப்பாவும் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் இருபத்திரண்டு வருஷம் ஸ்பின்னிங்கில் இருந்தார். 1996-இல் மில்லை மூடினார்கள். நான் பத்தாவது முடித்த வருஷம் அது. என் படிப்பும் அந்தக் கேட்டோடு நின்றது. அப்பாவுக்குச் சேர வேண்டிய பணம் வந்து சேர வருஷக்கணக்காயிற்று. அதுவரை வாட்ச்மேன் வேலைக்குப் போனார்.

அதே மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர் எதிர்வீட்டு மாமா. அவருக்குச் சம்பளம் எங்கப்பாவைவிட அப்படி ஒன்றும் அதிகமில்லை. மில் மூடிய மூன்றாம் மாதம் திண்ணையில் உட்கார்ந்து மோட்டாருக்குக் காயில் கட்ட ஆரம்பித்தார். இன்று அவர் மகன் அதே தொழிலில் எட்டுப் பேருக்கு வேலை கொடுக்கிறான்.

எங்கப்பா சோம்பேறி இல்லை. அவருடைய சம்பளம் மில் கேட்டுக்குள் இருந்தது, மாமாவுடையது அவர் கையில் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். 1974-இல் அரசாங்கமே எடுத்துக்கொண்ட என்.டி.சி. மில்கள்கூட 2020 மார்ச்சில் ஊரடங்குக்கு நின்றவை, ஊரடங்கு முடிந்தும் ஆண்டுக்கணக்கில் திறக்காமலே கிடந்தன. ஆகவே, எந்த உத்தியோகமானாலும், 'இந்தக் கம்பெனி நாளைக்கு இல்லாமல் போனால் என் பிள்ளை கையில் என்ன இருக்கும்?' என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். 'எத்தனை சம்பளம்?' என்பதெல்லாம் அதற்கு அடுத்த கேள்விதான்.

'பேக்கேஜ்' என்றால் என்ன?

இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது. கல்லூரிக்காரர்கள் சொல்கிற பேக்கேஜ், மாதம் கைக்கு வரும் சம்பளம் அல்ல. 'சி.டி.சி.' என்கிறார்கள். அந்த ஆளை வைத்துக்கொள்ள வருஷத்துக்குக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு அது.

தேங்காய் வாங்கும்போது மட்டையோடு எடை போட்டால் எப்படியோ, அப்படித்தான். கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனிகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ரொம்ப வருஷமாகவே மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் கொடுக்கிறார்கள். 3,60,000 என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 30,000 ஆகிறது. அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் கம்பெனி கட்டும் பி.எஃப். 1,800-ஐ அதிலிருந்தே கழிப்பார்கள். கிராஜுவிட்டி 720, இன்ஷூரன்ஸ் ஒரு 480, 'நன்றாக வேலை செய்தால் பிறகு தருவோம்' என்று நிறுத்திவைப்பது 2,000. மீதி 25,000. இதில் பிள்ளை பங்கு பி.எஃப். 1,800, தொழில் வரி ஒரு 200 போனால் கைக்கு வருவது 23,000.

வேலை பெங்களூரில் என்றால் ஹாஸ்டல், சாப்பாடு, ஊருக்கு வந்து போக என்று 14,000 ஆவது ஆகும். நாலு லட்சம் கடன் வாங்கிப் படித்திருந்தால், பத்தரை வட்டிக்கு ஏழு வருஷத் தவணையில் மாதம் சுமார் 6,700 கட்ட வேண்டும். படிக்கிற காலத்து வட்டி தனி. பாக்கி எவ்வளவு நிற்கிறது, பாருங்கள்! நான் பயமுறுத்தவில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் கெட்டிக்காரப் பிள்ளைக்குச் சம்பளம் ஏறத்தான் செய்யும். ஆனால் '40 லட்சம்' என்ற படத்தைப் பார்த்து நகையை அடகு வைக்கிற நாம், முதல் வருஷக் கணக்கையும் பார்க்க வேண்டாமா?

அந்தப் படத்துப் பெண் பொய் இல்லை. ஆயிரத்தில் ஒருத்திக்கு அப்படிக் கிடைக்கிறது. ஆனால் என் பிள்ளை மற்ற 999 பேரில் ஒருத்தியாக இருந்தால் என்ன கிடைக்கும் என்பதைத்தான் நான் கேட்க வேண்டும்.

கம்ப்யூட்டர் படிப்பு இனி எடுபடுமா?

இந்த ஒரு கேள்விக்கு ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். 2010-இல் நம் ஊரில் டைடல் பார்க் வந்ததிலிருந்து பீளமேடு, சரவணம்பட்டிப் பக்கம் நிலைமை எப்படி மாறிற்று என்று நாம் கண்ணாலேயே பார்த்தோம். ஆயிரக்கணக்கான நடுத்தரக் குடும்பங்கள் இந்த வேலையால் வீடு கட்டியிருக்கின்றன. அதை மறுக்க முடியாது.

ஆனால் ஒருவர் செய்த வழியில் ஊரே போனால் கூட்டம் கூடிவிடும். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் ஒரு காலத்தில் ஐந்நூறைத் தாண்டின. பிறகு பிள்ளைகள் சேராமல் பல மூடப்பட்டு நானூற்றுச் சொச்சத்துக்கு இறங்கின. இப்போது ஏ.ஐ. என்று சொல்கிற செயற்கை நுண்ணறிவு வேறு வந்திருக்கிறது. புதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சில்லறைப் புரோகிராம் வேலை, சரிபார்க்கும் வேலை இவற்றில் பாதியை அதுவே செய்துவிடுகிறதாம். 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி தன் ஆட்களில் நூற்றுக்கு இரண்டு பேரை, அதாவது பன்னிரண்டாயிரம் பேர் போல, குறைக்கப் போவதாக அறிவித்தது.

அதற்காகக் கம்ப்யூட்டரே வேண்டாம் என்பதில்லை. கணக்கு நன்றாக வருகிற, தானே உட்கார்ந்து மணிக்கணக்காகச் செய்து பார்க்கிற பிள்ளைக்கு அது நல்ல படிப்புதான். 'எல்லோரும் போகிறார்கள்' என்று தள்ளிவிடப்பட்ட பிள்ளைக்குத்தான் கஷ்டம். பெயரில் 'ஏ.ஐ.' என்று ஒட்டியிருப்பதாலேயே ஒரு கோர்ஸ் உயர்ந்ததாகிவிடாது. கல்லூரியில் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேறு வழிகள்

நமக்குத் தெரிந்த டாக்டர், இன்ஜினீயர் இரண்டைத் தவிரவும் சோறு போடுகிற படிப்புகள் நிறைய இருக்கின்றன. நான் விசாரித்தவற்றில் சில:

சி.ஏ. – ஆடிட்டர் படிப்பு. பிளஸ் டூ முடித்தே ஃபவுண்டேஷன் எழுதலாம். அப்புறம் இன்டர்மீடியட், ஃபைனல். நடுவில் ஆடிட்டரிடம் பயிற்சி. முன்பு மூன்று வருஷம், 2023-இல் வந்த புது முறையில் இரண்டு வருஷம். பயிற்சியின்போது ஒரு சிறு தொகையும் தருவார்கள். மற்ற படிப்புகளோடு பார்த்தால் செலவு குறைவு. ஆனால் எழுதுகிறவர்களில் கொஞ்சம் பேர்தான் தேறுகிறார்கள். பலமுறை தோற்றாலும் மறுபடி உட்காருகிற பிடிவாதம் வேண்டும். கல்யாணமாகி எந்த ஊருக்குப் போனாலும் கூடவே போகிற படிப்பு இது.

நர்சிங். நம் ஊர் ஆஸ்பத்திரிகளின் ஊராகிவிட்டது. பி.எஸ்ஸி. நர்சிங் நாலு வருஷம். தனியார் ஆஸ்பத்திரிகளில் ஆரம்பச் சம்பளம் பல இடங்களில் மனசுக்கு நிறைவாக இருக்காது, ராத்திரி ட்யூட்டியும் உண்டு. அனுபவமும் பாஷையும் சேர்ந்தால் கதை வேறு. ஜெர்மனிக்குப் போகிறவர்கள் அந்த மொழியில் பரீட்சை எழுதித் தேற வேண்டியிருக்கிறது. வெளிநாடு போவதானால் நம் அரசாங்கமே 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. ஏஜெண்டிடம் பணம் கட்டும் முன் அங்கே ஒரு வார்த்தை கேளுங்கள்.

எந்திரப் படிப்பு. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் கரண்டு மோட்டார் செய்துகாட்டிய ஊர் இது. பம்ப், கிரைண்டர், மில் எந்திரம், வார்ப்படம் என்று இன்றும் நாலு தெருவுக்கு ஒரு பட்டறை. முதலாளிகளைக் கேட்டால், "டிகிரி வாங்குன பசங்க நிறைய வராங்க. டிராயிங் படிச்சு சி.என்.சி. மிஷினுல ஜாப் போடத் தெரிஞ்சவனத்தான் தேடோணுமுங்" என்கிறார்கள். பாலிடெக்னிக் டிப்ளமா, ஐ.டி.ஐ. படிப்பை நாம்தான் மட்டமாக நினைக்கிறோம். டிப்ளமா முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேரடியாகச் சேரலாம். சம்பளம் வாங்கிக்கொண்டே மேலே ஏறலாம்.

அரசாங்க உத்தியோகம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் நாலு பரீட்சைக்குப் பத்தாவது போதும். இளநிலை உதவியாளர் அடிப்படைச் சம்பளம் 19,500-இல் தொடங்குகிறது, மற்ற படிகள் தனி. போட்டி பல லட்சம் பேர். ஆகவே ஒரு படிப்பைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுவதே புத்திசாலித்தனம்.

வீட்டில் இருக்கிற நமக்கும் ஒரு வார்த்தை. 'வீட்டிலிருந்தே தினம் 2,000 சம்பாதிக்கலாம்' என்று கைபேசியில் வந்ததை நம்பி, 'பதிவுக் கட்டணம்' என்று மூவாயிரம் ரூபாயை நானே ஒருமுறை தொலைத்தேன். வேலை கொடுக்கிறவன் நமக்குப் பணம் தருவானே தவிர, நம்மிடம் கேட்க மாட்டான். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். நான் வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

பெண்ணுக்கு எதற்கு என்பவர்களுக்கு

மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்த உலகத்தில் பெண்ணைக் காப்பாற்றியது நகைதான். அவசரத்துக்கு விற்கலாம், அடகு வைக்கலாம். ஆனால் நகையை ஒருமுறை விற்றால் தீர்ந்தது. தொழில் தெரிந்த பெண் மாதாமாதம் சம்பாதிப்பாள்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பெண் பிள்ளைக்கு இன்னொன்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. குழந்தை பிறந்து இரண்டு வருஷம் வீட்டில் இருந்தாலும் திரும்பப் போக முடிகிற தொழிலா? புகுந்த ஊர் பல்லடமோ பொள்ளாச்சியோ, அங்கேயும் நடக்குமா? 'கட்டிக் கொடுக்கிற வரைக்கும் ஏதோ ஒரு டிகிரி' என்று பக்கத்துக் கல்லூரியில் போட்டுவைத்தால், நாளை நாம் இல்லாதபோது அவள் யாரிடம் போய் நிற்பாள்?

பணத்துக்கு என்ன வழி?

நகையைத் தொடும் முன் இவற்றை விசாரியுங்கள்.

* குடும்பத்தில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாரும் பட்டதாரி இல்லையென்றால் 'முதல் பட்டதாரி' சலுகை உண்டு. பி.இ. படிப்புக்குக் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான் அது கிடைக்கும். மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. வந்த ஆள் இதை எங்களிடம் மூச்சு விடவில்லை!

* ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீதம் தனி இடம் 2021 முதல் இருக்கிறது. அந்த இடத்தில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது.

* பேங்க்கில் கல்விக் கடன் நாலு லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. முடிந்தால் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவாருங்கள். பின்னால் பாரம் குறையும்.

* சின்னக் குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களே, உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பத்து வயதுக்குள்ளான பெண் குழந்தை பேரில் போஸ்டாபீசில் செல்வமகள் கணக்கு ஆரம்பியுங்கள். வருஷம் 250 ரூபாய் போட்டாலும் கணக்கு நிற்கும். பதினெட்டு வயதில் படிப்புக்கென்று பாதிப் பணம் எடுக்கலாம். எனக்குத் தெரிந்தபோது என் மகளுக்கு வயது தாண்டிவிட்டது.

கல்லூரியில் கேட்க வேண்டியவை

எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். நான் அப்படித்தான் போனேன்.

1. இந்தப் பிரிவில் போன வருஷம் எத்தனை பேர் படித்து முடித்தார்கள்? அதில் எத்தனை பேருக்கு வேலை?

2. சம்பள வரிசையில் நடுவில் நிற்கிற பிள்ளைக்கு எவ்வளவு? (டிரில் கிளாஸில் உயரப்படி நிற்கவைப்பார்களே, அப்படி நிறுத்தி நடுவில் உள்ளவரைக் கேளுங்கள். 'அதிகபட்சம்', 'சராசரி' இரண்டும் நம்மை ஏமாற்றும்.)

3. பஸ், ஹாஸ்டல், பரீட்சைக் கட்டணம் எல்லாம் சேர்த்து நாலு வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு? கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டா?

4. ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி, பல்கலைக்கழக இணைப்பு இரண்டும் இந்த வருஷத்துக்கு இருக்கிறதா?

முதல் கேள்விக்கே ஓர் இடத்தில், "அதெல்லாம் ஆபீசுல கேளுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எழுந்து வந்துவிட்டேன். இன்னொன்று, அலுவலகத்தில் கேட்டதைவிட வாசல் பஸ் ஸ்டாப்பில் நின்ற மூன்றாம் வருஷப் பிள்ளைகளிடம் கேட்டதில்தான் உண்மை தெரிந்தது.

நாங்கள் என்ன முடிவு செய்தோம்?

மூன்று வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. ஊரெல்லாம் விசாரித்த நான், மகளை உட்காரவைத்துக் கேட்கவே இல்லை! ஒருநாள் சாயந்திரம் பூக் கட்டிக்கொண்டே கேட்டேன். "ஏன் கண்ணு, உனக்கு எது புடிக்கும்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "ட்ரிபிள் ஈ மா. கரண்டு, மோட்டாருன்னா எனக்கு புடிக்கும். எதிர்வீட்டுத் தாத்தா கடையில லீவுக்கு நான் சும்மாவா உக்காந்திருந்தேன்?" என்றாள். தாத்தாவுக்குக் கணக்கு எழுதப் போகிறாள் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

கவுன்சலிங்குக்குப் பதிவு செய்துவிட்டோம். கணக்கு மார்க்கு நூற்றுக்கு, பௌதிகமும் ரசாயனமும் ஐம்பது ஐம்பதுக்கு என்று இருநூறுக்குக் கட்-ஆஃப் போட்டோம். தடாகம் ரோட்டு அரசுப் பொறியியல் கல்லூரியை முதலில் வைத்துப் பட்டியல் எழுதியிருக்கிறாள். அது கிடைக்குமோ என்னவோ, அடுத்தடுத்தும் நாலைந்து இருக்கிறது. முதல் பட்டதாரி சர்டிபிகேட் வாங்கியாயிற்று. குறைவிழுந்தால் அவள் பேரில் கல்விக் கடன், நகையில் கை வைப்பதில்லை என்று இவரும் ஒப்புக்கொண்டார். மாமியார் மட்டும், "கரண்டுல கை வெக்கிற படிப்பா?" என்று கேட்டுவிட்டு, சற்று நேரம் கழித்து, "அப்ப நம்ம கெணத்து மோட்டாரு நின்னா ஆள் தேட வேண்டியதில்ல" என்றார். அவர் சம்மதம் தந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டோம்.

அந்த வழவழ புத்தகம் இப்போது என் சமையலறை அலமாரியில் எண்ணெய் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. காகிதம் கெட்டியானது. எண்ணெய் ஊறவே இல்லை.